விடுதலை என்று தீர்ப்பு, ஆனால் அண்ணா மனநல விடுதியில்: மேன்முறையீட்டுக்கு வழி உண்டா?

இணுவில் தங்கை எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். இப்படி ஒரு வழக்கைக் கண்டவர்கள், சட்டம் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவு செய்து பதில் எழுதுங்கள். எங்கே போய் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நிற்கிறோம்.

என் அண்ணாவுக்கு ஏ.எல். படித்த காலத்திலிருந்தே மனச்சிதைவு நோய். கிளினிக்குக்கு ஒழுங்காகப் போய் மாதாந்த ஊசி போட்ட வரைக்கும் தோட்டத்தைத் தனியாகவே பார்த்தார். புகையிலைக்கு இறைப்பதும் அவர்தான், மாட்டைப் பார்ப்பதும் அவர்தான். அப்பா தவறின பிறகு ஊசி வேண்டாம் என்று பிடிவாதம் பிடித்தார். கொஞ்ச நாளில் பழையபடி குரல்கள் கேட்கத் தொடங்கின. பக்கத்து வளவு ஐயா தன்னைப் பற்றி ஊரெல்லாம் பிழையாகக் கதைக்கிறார் என்று நம்பி, ஒரு நாள் மண்வெட்டிப் பிடியால் அடித்துவிட்டார். ஐயாவுக்குக் கை முறிந்தது, தலையில் தையல். கடவுள் புண்ணியத்தில் ஐயா இப்போது நடமாடுகிறார். அவருடைய குடும்பத்தின் மேல் எங்களுக்கு ஒரு மனக்குறையும் இல்லை. அவர்கள் பொலிசுக்குப் போனது நியாயம்தான்.

கடுங்காயம் விளைவித்ததாக நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு. விளக்கமறியலில் இருந்தபோது உளமருத்துவ நிபுணரிடம் காட்டி அறிக்கை எடுத்தார்கள். கடைசியில், அடித்த நேரத்தில் அண்ணாவுக்குச் சித்த சுவாதீனம் இல்லை, ஆகவே குற்றத்திலிருந்து விடுதலை என்று தீர்ப்பு வந்தது. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். பிறகுதான் விளங்கியது, விடுதலை செய்த அதே நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கும்படி கட்டளையும் போட்டிருக்கிறது. இப்போது தெற்கில் ஒரு மனநல வைத்தியசாலையில், பூட்டின விடுதியில் இருக்கிறார். எத்தனை நாளைக்கு என்று எந்தத் தாளிலும் இல்லை. சிறைத்தண்டனை என்றால் முடியும் திகதியாவது தெரிந்திருக்கும்.

ஒரு சட்டத்தரணியிடம் கேட்டோம். விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து எப்படி மேன்முறையீடு செய்வது என்று திருப்பி எங்களையே கேட்டார். உண்மையிலேயே வழி இல்லையா?

வடமராட்சிப் பெடியன் எழுதியது:

அக்கா, நேராகக் கொழும்புக்குப் போய், நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போடுங்கள். முடிவுத் திகதி இல்லாமல் ஒருவரை அடைத்து வைப்பது உரிமை மீறல் இல்லாமல் வேறென்ன? ஒரு மாதத்துக்குள் போட வேண்டும், சுணங்க வேண்டாம்.

பழைய பதிவாளர் எழுதியது:

தம்பி சொன்ன ஒரு மாதக் கணக்குச் சரி. ஆனால் அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரையின் கீழ் வழக்குப் போகிறதென்றால், மீறல் நிறைவேற்றுத்துறையின் அல்லது நிர்வாகத்துறையின் செயலால் நடந்திருக்க வேண்டும். நீதவான் நீதிபதியாக இருந்து போட்ட கட்டளை அதற்குள் வராது. இதை நம்பிக் கொழும்புக்குக் காசைச் செலவழித்து, மனு எடுபடாமல் வெறுங்கையோடு திரும்பி வந்த குடும்பங்களை நீதிமன்றக் கந்தோரில் வேலை செய்த காலத்தில் பார்த்திருக்கிறேன்.

பிள்ளை, முதல் வேலை ஒன்று இருக்கிறது. பதிவாளர் கந்தோரில் விண்ணப்பம் கொடுத்து வழக்கேட்டின் அத்தாட்சிப்படுத்திய பிரதியை எடுங்கள். தீர்ப்பு மட்டும் போதாது. நாளாந்தப் பதிவுகள், வைத்திய அறிக்கைகள், சாட்சியம் எல்லாம் வேண்டும். அண்ணாவின் காவல் எந்தச் சொற்களில் எழுதப்பட்டிருக்கிறது என்று பார்க்காமல் யாராலும் புத்தி சொல்ல முடியாது.

நீதவான் நீதிமன்றக் கட்டளைக்கு எதிராக மேன்முறையீட்டு மனுக் கொடுக்க 14 நாள்தான். தீர்ப்புச் சொன்ன நாளும் அதில் ஒன்று. தீர்ப்பு எப்போது வந்தது?

இணுவில் தங்கை எழுதியது:

14 நாள் போய்விட்டது ஐயா. விடுதலை என்று நினைத்துக்கொண்டு பேசாமல் இருந்தோம்.

கோண்டாவில் சட்டத்தரணி எழுதியது:

நாள் போனதை நினைத்து இடிந்துபோக வேண்டாம் தங்கச்சி. உங்கள் வழக்கில் அந்தப் பதினான்கு நாள் மேன்முறையீடு எப்படியும் நல்ல வழி இல்லை. ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிற குடும்பங்கள் எல்லாம் ஒரே இடத்தில்தான் வந்து முட்டுகின்றன.

மனநோயுள்ள ஒருவர் மேல் வழக்கு வந்தால் அது இரண்டு பாதையில் போகலாம். ஒன்று, வழக்கை விளங்கி எதிர்வாதம் செய்யும் நிலையில் அவர் இன்றைக்கு இல்லை என்பது. அப்போது விசாரணை ஒத்திவைக்கப்படும், தெளிந்த பிறகு திரும்பத் தொடங்கும். மற்றது, சம்பவம் நடந்த நேரத்தில் அவருக்குச் சித்த சுவாதீனம் இருக்கவில்லை என்பது. இது தண்டனைச் சட்டக்கோவையின் 77 ஆம் பிரிவு. தான் செய்வதன் தன்மையையோ, அது பிழை அல்லது சட்டத்துக்கு மாறு என்பதையோ அறிய முடியாத நிலையில் செய்தது குற்றம் ஆகாது. 1883 இல் வந்த சட்டம். இங்கிலாந்தில் 1843 இல் மக்நாட்டன் வழக்கையொட்டி எழுந்த விதியின் சாயல் அதில் இருக்கிறது. உங்கள் அண்ணா போனது இந்த இரண்டாவது பாதையால்.

இந்த இரண்டாவது பாதையில் நீதிமன்றம் ஒரே மூச்சில் இரண்டு விடயங்களைத் தீர்மானிக்கிறது. செயலை இவர்தான் செய்தார், ஆனால் சித்த சுவாதீனம் இல்லாததால் குற்றவாளி அல்ல. இதோடு வழக்கு முடிந்து ஆள் வீட்டுக்கு வருவதில்லை. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையில் சித்த சுவாதீனமற்றவர்களுக்கென்று தனி அத்தியாயம் ஒன்று இருக்கிறது. அதன்படி நீதிமன்றம் அவரைப் பாதுகாப்பான காவலில் வைக்கக் கட்டளையிட்டு, விடயத்தை அமைச்சருக்கு அறிக்கை செய்யும். எங்கே வைப்பது, எப்போது விடுவது என்பதெல்லாம் அதற்குப் பிறகு பெரும்பாலும் அமைச்சு, வைத்தியர், சிறைச்சாலை மூன்றுக்கும் நடுவில் நகரும் கடிதங்களில்தான் தங்கியிருக்கிறது. கடிதம் எங்கேயாவது நின்றால் ஆளும் அங்கேயே நின்றுவிடுவார்.

இனி மேன்முறையீடு. நீதவான் நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பை எதிர்த்து மேன்முறையீடு செய்வதென்றால் சட்டமா அதிபர் செய்ய வேண்டும், அல்லது அவருடைய எழுத்து மூல அனுமதி வேண்டும். உங்கள் சட்டத்தரணி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. அதைவிடப் பெரிய விடயம், அந்தத் தீர்ப்பை உடைப்பது உங்களுக்கு நல்லதா என்பது. சித்த சுவாதீனம் இருந்தது என்று மேல் நீதிமன்றம் கண்டால் மிஞ்சுவது குற்றத்தீர்ப்பு. சாட்சியக் கட்டளைச்சட்டத்தின் 105 ஆம் பிரிவின்படி சித்த சுவாதீனமின்மையை நிரூபிக்கும் சுமை எதிரியின், அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவரின், மேல்தான். உங்கள் அண்ணாவின் தரப்பு அந்தச் சுமையைச் சுமந்து வென்றிருக்கிறது. வென்றதைக் கையில் வைத்திருங்கள்.

நீங்கள் எதிர்க்க வேண்டியது காவல் கட்டளையை மட்டும். அதற்கு மீளாய்வு மனு என்று ஒன்று உண்டு, கீழ் நீதிமன்றம் போட்ட கட்டளையைத் திரும்பப் பார்த்துத் திருத்தும்படி மேலே உள்ள நீதிமன்றத்தைக் கேட்பது. அரசியலமைப்பின் 13 ஆம் திருத்தத்தோடு வந்த மாகாண மேல் நீதிமன்றத்துக்கு, மாகாணத்துக்குள் இருக்கும் நீதவான் நீதிமன்றங்களின் கட்டளைகளை மீளாய்வு செய்யும் அதிகாரம் இருக்கிறது. யாழ்ப்பாணத்திலேயே போடலாம். நாள் எல்லை எழுதிவைக்கப்படவில்லை, ஆனால் சுணக்கத்துக்குக் காரணம் சொல்ல வேண்டும், விசேட சூழ்நிலை ஒன்றையும் காட்ட வேண்டும். கட்டளை போடுமுன் அவருடைய இன்றைய நிலை பற்றி நீதவான் முன்னால் ஏதாவது இருந்ததா? குடும்பத்தின் பொறுப்பில் கிளினிக் மேற்பார்வையோடு விடுவது பரிசீலிக்கப்பட்டதா? அடித்த நாளில் நோயாக இருந்தார் என்ற அறிக்கை, இன்றைக்கும் ஆபத்தானவர் என்பதற்குச் சான்று ஆகாது. மனுவின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிரதியை எடுத்துக்கொண்டு வாருங்கள். காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவின் யாழ்ப்பாண நிலையத்துக்குப் போங்கள். 1978 ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இயங்குவது அது, வருமானம் குறைந்தவர்களுக்குச் சட்டத்தரணி தருவார்கள்.

கைதடி அக்கா எழுதியது:

எனக்கு இதில் ஒன்று சொல்ல வேண்டும். இணுவில் தங்கச்சி மனம் நோகக் கூடாது.

என் கணவரை எங்கள் ஊரில் வருத்தக்காரப் பொடியன் ஒருவன் வெட்டினான். உயிர் தப்பினது அருந்தப்பு. பொடியனைக் கொண்டுபோய் வைத்திருந்தார்கள், பிறகு ஒரு நாள் வீதியில் சைக்கிளில் போகிறான். எங்களுக்கு ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை. எப்போது விட்டார்கள், மருந்து எடுக்கிறானா, யார் பொறுப்பு, ஒன்றும் தெரியாது. என் மகள் அந்த ஒழுங்கையால் பள்ளிக்கூடம் போக மறுத்தாள். அவனை என்றைக்கும் அடைத்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. அவனுடைய தாயையும் எனக்குத் தெரியும், அவர் பட்ட பாடும் தெரியும். ஆனால் மீளாய்வு, உரிமை என்று கதைக்கிறவர்கள் பக்கத்து வளவு ஐயாவின் பயத்தையும் அந்த மனுவுக்குள் எங்கேயாவது எழுத வேண்டும்.

உளநலத் தாதி எழுதியது:

அக்கா சொன்னதை நான் வேலையில் ஒவ்வொரு நாளும் பார்க்கிறேன். மனநல விடுதியில் வேலை செய்கிறேன், எந்த இடம் என்று எழுதவில்லை.

தங்கச்சி, நீதிமன்றத்துக்கு நீங்கள் கொடுக்கும் வாதத்தைவிட நிபுணரின் புதிய அறிக்கைதான் பாரமானது. அது நன்றாக வர வேண்டுமென்றால் குடும்பமும் வேலை செய்ய வேண்டும். நோயாளி விடுதியில் தெளிந்துவிட்டார் என்பதை நாங்கள் சுலபமாக எழுதிவிடுவோம். எங்களுக்குத் தயக்கம் வருவது அவர் வீட்டுக்குப் போன பிறகு என்ன நடக்கும் என்பதில். ஊசிக்கு யார் கூட்டிக்கொண்டு போவார்? மறுத்தால் யார் கிளினிக்குக்கு அறிவிப்பார்? வீட்டில் குடி இருக்கிறதா, கஞ்சா இருக்கிறதா? நித்திரை குறைவது, தனக்குத்தானே கதைப்பது, சாப்பாட்டைச் சந்தேகிப்பது போன்ற முதல் அறிகுறிகளைக் கண்டுபிடிக்க வீட்டில் யாருக்குத் தெரியும்? இவற்றுக்குப் பதில் கையில் இருந்தால் நிபுணருக்குக் கையெழுத்து வைக்கத் தைரியம் வரும்.

இன்னொன்று. தெற்கில் இருக்கும் விடுதிகளில் தமிழ் தெரிந்தவர்கள் எல்லா நேரமும் இருப்பதில்லை. குரல் கேட்கிறதா என்று சிங்களத்தில் கேட்டு, விளங்காமல் தலையாட்டினால் அது நோயின் அறிகுறியாகவே எழுதப்படக்கூடும். பேசாமல் இருந்தால் ஒதுங்கியிருக்கிறார் என்று எழுதப்படும். அண்ணாவை மதிப்பிட்டபோது மொழிபெயர்ப்பாளர் இருந்தாரா என்று கேட்டுப் பாருங்கள். அவரைப் பல வருடமாகப் பார்த்த யாழ்ப்பாணக் கிளினிக்கின் பதிவுகள் அங்கே போய்ச் சேர்ந்தனவா என்றும் கேளுங்கள். கிளினிக் கொப்பி வீட்டில் இருந்தால் பத்திரமாக வைத்திருங்கள். ஊசி போட்ட காலம் எல்லாம் அமைதியாக இருந்தார் என்பதற்கு அதைவிடச் சாட்சி இல்லை.

லண்டன் அம்மான் எழுதியது:

இங்கே 1983 ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் 37 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் வைத்தியசாலைக் கட்டளை போடும். ஆள் ஆபத்தானவர் என்றால், வெளியே விடுவதைக் கட்டுப்படுத்தும் 41 ஆம் பிரிவையும் சேர்க்கும். அப்படிப் போட்டாலும் ஆறு மாதம் கழித்து அவர் தீர்ப்பாயத்துக்கு விண்ணப்பிக்கலாம். சட்டத்தரணிக்கு அரசாங்கமே காசு கட்டும், வருமானம் பார்ப்பதில்லை. தீர்ப்பாயத்தில் நீதிபதியோடு ஒரு வைத்தியரும் இருப்பார். ஊரில் அப்படி ஒன்று இல்லையா?

ஸ்ருட்காட் செல்வி எழுதியது:

ஜெர்மனியில் இதற்கு இருப்பது தண்டனைச் சட்டத்தின் 63 ஆம் பிரிவு. இங்கேயும் முடிவுத் திகதி இல்லாமல்தான் வைப்பார்கள், ஆனால் தொடர்ந்து வைத்திருக்க வேண்டுமா என்பதை நீதிமன்றம் வருடத்துக்கு ஒரு தடவையாவது பார்த்தே ஆக வேண்டும். அப்படி இருந்தும் பிழை நடந்தது. குஸ்டல் மொல்லாட் என்பவரை 2006 இல் நீதிமன்றக் கட்டளையின்படி மனநல மருத்துவமனையில் வைத்து, 2013 இல்தான் வெளியே விட்டார்கள். 2014 இல் மறுவிசாரணையில் அவர் விடுதலையானார். நாடே கொந்தளித்தது. பிறகு 2016 இல் சட்டத்தை இறுக்கினார்கள். ஆறு வருடத்துக்கு மேல் ஒருவரை வைத்திருக்க இப்போது கூடுதல் காரணம் காட்ட வேண்டும். தங்கச்சி, நீங்கள் கேட்கிற கேள்வியைப் பெரிய நாடுகளிலும் மனிதர் போராடித்தான் கேட்டிருக்கிறார்கள்.

கோண்டாவில் சட்டத்தரணி எழுதியது:

அம்மான், இங்கே அப்படிச் சுயாதீனமான தீர்ப்பாயம் இல்லை. எங்கள் மனநோய்க் கட்டளைச்சட்டத்தின் வேர் 1873 ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. இடையில் திருத்தினார்கள், பெயரை மாற்றினார்கள். புதிய மனநலச் சட்டம் பற்றிய பேச்சு எத்தனையோ வருடமாக நடக்கிறது. அமைச்சின் கையில் இருக்கும் ஒருவரைக் குறித்த காலத்துக்கு ஒரு தடவை நீதிபதி முன்னால் கொண்டுவந்து பார்க்கும் முறை இல்லாதது பெரிய அநியாயம். குற்றவாளி அல்ல என்று தீர்ந்த மனிதர், அதே குற்றத்துக்குத் தண்டனை பெற்றவரைவிடக் கூடுதல் காலம் உள்ளே இருக்க இடம் வைத்த சட்டத்தை நான் எந்த நீதிமன்றத்திலும் குறை சொல்லத் தயார்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016 இல் ஏற்றிருக்கிறது. அதன் 14 ஆவது உறுப்புரை, இயலாமை இருக்கிறது என்பது எந்த நிலையிலும் ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பதற்கு நியாயம் ஆகாது என்கிறது. உள்நாட்டுச் சட்டமாக்காத சமவாயத்தை நீதவான் முன்னால் காட்டி வெல்வது கடினம். மேல் நீதிமன்றத்தில் வாதத்துக்குத் துணையாக வைக்கலாம்.

பழைய பதிவாளர் எழுதியது:

மனித உரிமைகள் ஆணைக்குழுவையும் விடாதீர்கள். 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் அவர்களுக்குத் தடுத்து வைக்கப்பட்டவர்களின் நலனைப் போய்ப் பார்க்கும் அதிகாரம் கொடுத்திருக்கிறது, நீதிமன்றக் கட்டளையால் வைக்கப்பட்டவர்களையும் சேர்த்துத்தான். யாழ்ப்பாணத்தில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது. மொழி விளங்காமல் இருக்கிறார் என்று ஒரு கடிதம் கொடுங்கள். பின்னால் நிர்வாகத்தின் பிழையென்று ஒன்று தெரியவந்து, அன்றிலிருந்து ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவுக்கு முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் 126 இன் ஒரு மாதக் கணக்கில் சேராது. வடமராட்சித் தம்பி சொன்ன கதவு அப்போது திறக்கலாம்.

இணுவில் தங்கை எழுதியது:

பிரதி கிடைத்துவிட்டது. நன்றி ஐயா, நீங்கள் சொன்னபடி முழு ஏட்டையும் எடுத்தோம்.

அறிக்கை ஒன்றே ஒன்றுதான், அதுவும் ஒரு பக்கம். அண்ணா கைதாகி உள்ளே போன புதிதில் எழுதினது. "தற்போது நோய் அறிகுறிகள் தீவிரம்" என்று இருக்கிறது. தீர்ப்பு நாளில் நிலை எப்படி என்று ஒரு வரியும் இல்லை. மொழிபெயர்ப்பாளர் பற்றியும் ஒன்றும் இல்லை. குடும்பத்திடம் விடுவது பற்றி நாளாந்தப் பதிவில் ஒரு சொல்லும் இல்லை, எங்கள் பக்கத்தில் யாரும் கேட்கவும் இல்லை.

ஒரு சொந்தக்காரர் ஆட்கொணர்வு மனுப் போடச் சொல்கிறார். அது கெதியாக நடக்கும் என்கிறார். இன்னொருவர், இதைப் பெரிதாக்கினால் எனக்குக் கலியாணம் பேசுவது கஷ்டம், பேசாமல் விடு என்கிறார். அம்மா அவரை வாசலோடு அனுப்பிவிட்டார்.

கோண்டாவில் சட்டத்தரணி எழுதியது:

அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஆட்கொணர்வு மனு சட்டவிரோதமான தடுத்துவைப்புக்கு. தகுதியுள்ள நீதிமன்றம் போட்ட கட்டளை நிற்கும் வரைக்கும் தடுத்துவைப்பு சட்டவிரோதம் என்று சொல்வது கஷ்டம். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மாகாண மேல் நீதிமன்றம் அந்த மனுவைத் தன் மாகாணத்துக்குள் தடுத்து வைக்கப்பட்டவர் பற்றித்தான் ஏற்கலாம். அண்ணா வடக்கில் இல்லை. ஆகவே அரசியலமைப்பின் 141 ஆம் உறுப்புரையின் கீழ் கொழும்பில் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். மீளாய்வுக்கு அந்தத் தடை இல்லை, ஏனென்றால் அங்கே பார்ப்பது ஆள் இருக்கும் இடத்தை அல்ல, கட்டளை போட்ட நீதிமன்றம் இருக்கும் இடத்தை.

அமைச்சர் இதுவரை ஏதும் கட்டளை போட்டாரா என்று வைத்தியசாலையிலும் அமைச்சிலும் எழுத்தில் கேட்க வேண்டும். போட்டிருந்தால் அது நிர்வாகச் செயல், அதற்கு வேறு பரிகாரம் பார்க்கலாம். போடவில்லையென்றால் நீதவானின் கட்டளை மட்டும்தான் அவரைப் பிடித்து வைத்திருக்கிறது.

மனுவில் மூன்றைக் கேட்கலாம் என்று நினைக்கிறேன். தமிழ் தெரிந்த உளமருத்துவ நிபுணரின் புதிய அறிக்கை. அறிக்கை வரும் வரை யாழ்ப்பாணத்தில் சிகிச்சை பெறக்கூடிய இடத்துக்கு மாற்றம். அறிக்கை சாதகமாக வந்தால் பிணைப்பொறுப்பின் பேரில் குடும்பத்திடம் ஒப்படைப்பதற்கான பரிந்துரை. அந்த ஒப்படைப்புக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. உறவினரோ நண்பரோ கேட்டு, அவரைக் கவனிப்போம், தனக்கோ பிறருக்கோ தீங்கு செய்யாமல் பார்ப்போம், கேட்கும் நேரத்தில் கொண்டுவந்து காட்டுவோம் என்று பிணை எழுதிக் கொடுத்தால் அமைச்சர் ஒப்படைக்கலாம். பலர் இந்த ஏற்பாட்டைக் கேட்பதே இல்லை. கேட்காததால் கொடுக்கப்படுவதும் இல்லை.

கைதடி அக்கா எழுதியது:

தங்கச்சி, மனுக் கொடுக்குமுன் பக்கத்து வளவுக்குப் போங்கள். வழக்கு விடயம் கதைக்க வேண்டாம் என்று சட்டத்தரணி சொன்னால் அதைக் கேளுங்கள், ஆனால் அவர்கள் பிறர் வாயால் அறியும்படி விடாதீர்கள். எங்களுக்கு அப்படி ஒருவர் வந்து சொல்லியிருந்தால் இவ்வளவு வருடம் நான் இரவில் கதவைப் பூட்டிப் பூட்டிப் பார்த்திருக்க மாட்டேன்.

கோண்டாவில் சட்டத்தரணி எழுதியது:

போகலாம். சாட்சியத்தை மாற்றச் சொல்வது போலத் தெரியக் கூடாது, காசு ஏதும் கொடுக்கக் கூடாது. வழக்கு முடிந்துவிட்டதால் சந்திப்பதில் பிழை இல்லை. ஊரில் இரண்டு வீட்டுக்கும் வேண்டிய பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

இணுவில் தங்கை எழுதியது:

போனோம். அப்பாவோடு கூட்டாகத் தோட்டம் செய்த மாமா ஒருவர் கூட வந்தார். ஐயா முதலில் கதைக்கவில்லை. அவருடைய மருமகள்தான் நேரே கேட்டார், மருந்தை விட்டால் எங்களுக்கு யார் சொல்லுவார்கள் என்று. அம்மா, நானே வந்து சொல்லுவேன் என்றார். அது போதாது, எழுத்தில் வேண்டும் என்றார்கள். ஊசி தவறினால் ஏழு நாளுக்குள் கிளினிக்குக்கும் கிராம அலுவலருக்கும் தங்களுக்கும் அறிவிக்க வேண்டும், அண்ணா முதல் ஆறு மாதம் மாமா வீட்டில் இருக்க வேண்டும், இவ்வளவும் என்றால் தாங்கள் எதிர்க்க மாட்டோம் என்றார்கள். ஐயா கடைசியில், அவன் என்னோடு சின்ன வயதில் கிணறு இறைத்த பொடியன் என்று மட்டும் சொன்னார்.

சட்டத்தரணி அண்ணா, இதை மனுவில் சேர்க்கலாமா?

கோண்டாவில் சட்டத்தரணி எழுதியது:

கட்டாயம். சத்தியக்கடதாசியில் போடுங்கள். அம்மா ஒன்று, மாமா ஒன்று. பக்கத்து வீட்டுக்காரர்கள் தாங்களாக விரும்பினால் அவர்களும் ஒன்று. இப்படிப்பட்ட நிபந்தனைகள் அறிக்கை எழுதும் நிபுணருக்கும் உதவும். மாமா வீடு கிளினிக்கிலிருந்து எவ்வளவு தூரம், ஊசிக்கு எதில் கூட்டிக்கொண்டு போவீர்கள் என்பதையும் எழுதுங்கள்.

உளநலத் தாதி எழுதியது:

மாமா வீட்டில் இருப்பது நல்ல ஏற்பாடு. பழைய வளவும் பழைய வேலியும் கண்ணில் படாமல் இருப்பது அண்ணாவுக்கும் நல்லது. கிளினிக் பகுதியின் உளநல வைத்திய அதிகாரியிடம் முன்கூட்டியே சொல்லி, வீட்டுக்கு வந்து பார்க்கும் சமூக உத்தியோகத்தர் யார் என்று பெயரும் தொலைபேசி இலக்கமும் வாங்கி வையுங்கள். மாத்திரை என்றால் விழுங்கினாரா துப்பினாரா என்று வீட்டில் தினம் சண்டை வரும். ஊசிக்கு அந்தச் சண்டை இல்லை. அண்ணாவோடு கதைக்கும்போது ஊசியை நீதிமன்றத்தின் தண்டனை போலச் சொல்ல வேண்டாம். அப்பா தவறின பிறகு ஏன் மறுத்தார் என்று அவரிடமே கேளுங்கள். உடம்பு இறுகியிருக்கலாம், நடுக்கம் வந்திருக்கலாம், நித்திரை கூடியிருக்கலாம். அதற்கு மருந்தை மாற்றலாம், அளவைக் குறைக்கலாம்.

இணுவில் தங்கை எழுதியது:

கேட்டேன் அக்கா. தொலைபேசியில் கதைக்க விட்டபோது கேட்டேன். நாக்குத் தடித்தது போல இருந்ததாம், கோயிலில் தேவாரம் பாட முடியாமல் போனதாம், அதனால்தான் விட்டாராம். இத்தனை வருடத்தில் எங்கள் ஒருவருக்கும் அது தெரியாது.

உளநலத் தாதி எழுதியது:

இதைக் கிளினிக்கில் முதல் நாளே சொல்லுங்கள். புதிய அறிக்கை எழுதும் நிபுணரிடமும் சொல்லுங்கள். மருந்தை ஏன் விட்டார் என்று காரணம் தெரிந்த நோயாளி, காரணம் தெரியாத நோயாளியைவிடப் பாதுகாப்பானவர்.

இணுவில் தங்கை எழுதியது:

எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும். மீளாய்வு மனு யாழ் மேல் நீதிமன்றத்தில் எடுத்துக்கொள்ளப்பட்டது. சட்டமா அதிபருக்கு அறிவித்தல் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள். தமிழில் கதைக்கக்கூடிய நிபுணர் ஒருவர் அண்ணாவைப் பார்த்து அடுத்த தவணைக்கு முன் அறிக்கை தர வேண்டும் என்றும் கட்டளை. இடமாற்றம் பற்றி அறிக்கை வந்த பிறகு பார்ப்பதாகச் சொன்னார்கள்.

பதிவாளர் ஐயாவுக்கு ஒரு கேள்வி. பிணை நிற்பதற்கு இரண்டு பேரைத் தயாராக வைத்திருக்கச் சொன்னார்கள். அம்மா நிற்கலாமா? என்னென்ன கொண்டு போக வேண்டும்?

பழைய பதிவாளர் எழுதியது:

நல்ல செய்தி பிள்ளை.

அம்மா நிற்கலாம், தாய் என்பதால் தடை இல்லை. ஆனால் வயதும் வருத்தமும் இருந்தால், அண்ணாவைத் தேவைப்பட்ட நேரத்தில் கூட்டிக்கொண்டு வர முடியுமா என்று கேட்பார்கள். மாமா ஒருவர், நிரந்தர வேலையில் இருக்கிற சொந்தக்காரர் இன்னொருவர் என்றால் சுகம். இரண்டு பேரும் அடையாள அட்டையும், கிராம அலுவலர் கொடுத்துப் பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வைத்த வதிவிடச் சான்றிதழும் கொண்டு வர வேண்டும். வேலைக்காரர் என்றால் சம்பளப் பத்திரம், மாமாவுக்குக் காணி இருந்தால் உறுதியின் பிரதி. வதிவிடச் சான்றிதழைப் புதிதாக எடுங்கள், பழையதைத் திருப்பி அனுப்பினால் இன்னொரு தவணை போய்விடும். அடுத்த தவணைக்கு முதல் கிழமையே கந்தோருக்குப் போய், நிபுணரின் அறிக்கை வந்து ஏட்டில் சேர்ந்துவிட்டதா என்று கேளுங்கள். வரவில்லையென்றால் நினைவூட்டல் அனுப்பச் சொல்லிச் சட்டத்தரணி ஒரு பிரேரணை போடலாம்.